வலையில் பூச்சி இல்லை, போத்தலில் பெயர் இல்லை: மலைநாட்டில் உயிரி தேடுகிறவர்களுக்கு வரும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலை, அக்கரப்பத்தனை, அப்புத்தளைப் பக்கங்களில் ஓயாவில், அதாவது மலை ஓடையில், இறங்கி நீர்ப்பூச்சி எடுக்கிற, இரவில் டோர்ச் அடித்துத் தவளை தேடுகிற பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். சிலர் பாடசாலைச் செயற்திட்டத்துக்கு, சிலர் பல்கலைக்கழக ஆய்வுக்கு, சிலர் ஆசைக்கு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இது என்ன இனம்?" எங்கே எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள், அன்றைக்கு என்ன எழுதினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. மேசையில் தெரிகிற சிக்கல் முக்கால்வாசி தண்ணீர்க்கரையில் தொடங்கியது என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது. அதனால் கீழே ஒவ்வொரு சிக்கலையும் அது கண்ணில் படுகிற விதத்திலேயே எழுதி, பின்னோக்கி எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. வனத்துக்குள்ளும் தேசிய பூங்காவுக்குள்ளும் எதையும் எடுக்க அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது, தவளை, ஓணான் எல்லாம் அதற்குள் வரும். வனஜீவராசிகள் திணைக்களத்தில் எழுதிக் கேளுங்கள். தோட்டத்து ஓயா என்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படமும் சத்தமும் குறிப்பும் மட்டும் எடுங்கள், அதிலேயே நிறைய வேலை செய்யலாம்.

வலையைத் தூக்கினால் மணலும் சருகும்தான், பூச்சி ஒன்றுமே இல்லை

முதலில் நின்ற விதத்தைப் பாருங்கள். வலை உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் இருக்க வேண்டும், அதன் வாய் மேல்நீரைப் பார்க்க வேண்டும், அடிச்சட்டம் தரையோடு ஒட்டியிருக்க வேண்டும். வலைக்கு மேலே ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம் அளவு இடத்தைக் குதிகாலால் கிண்டுங்கள். கிண்டினால் மட்டும் போதாது. உள்ளங்கை அளவுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வலைவாய்க்கு முன்னால் பிடித்து எல்லாப் பக்கமும் கையால் தேய்த்துவிட வேண்டும். நம் ஓயாக்களில் இருக்கிற நல்ல பூச்சிகள் பல கல்லோடு தட்டையாக அப்பிக்கொள்கிறவை. நீர்ச்சில்லறை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒரு வண்டுக் குடம்பி இருக்கிறது. பழைய செப்புக்காசு மாதிரி வட்டமாக, கல்லின் நிறத்திலேயே இருக்கும், எவ்வளவு உதைத்தாலும் வராது, நகத்தால் நெம்பினால்தான் வரும்.

அடுத்து வலைத்துணி. வீட்டில் இருக்கிற நுளம்பு வலையை வெட்டித் தைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். நுளம்பு வலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இருக்கும், சின்ன அணங்குகள், அதாவது இன்னும் சிறகு வராத குஞ்சுப்பூச்சிகள், அத்தனையும் அதன் வழியாகப் போய்விடும். இந்த வேலைக்கு வழக்கமாக அரை மில்லிமீற்றர் கண் உள்ள துணி எடுப்பார்கள். பனர், டீசேர்ட் அச்சடிக்கிற கடைகளில் ஸ்க்ரீன் துணி கிடைக்கும், அதில் பொருத்தமானதைக் கேட்டு வாங்கலாம்.

வலையும் நின்ற விதமும் சரி, அப்படியும் வெறுமை என்றால் இடத்தையும் காலத்தையும் பாருங்கள். தேங்கிய குழியில் மட்டும் எடுத்தீர்களா? சலசலவென்று கல்லின் மேல் ஓடுகிற இடம், ஆழமான குழி, கரையோர வேரும் புல்லும் என்று மூன்றிலும் தனித்தனியாக எடுத்தால்தான் அந்த ஓயாவின் முழுக் கணக்கு வரும். மழை எப்போது பெய்தது? வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளம் அடித்துப்போன ஓயாவில் அடுத்த நாளே வலை போட்டால் கழுவிய கல்தான் கிடைக்கும். ஒன்றிரண்டு வாரமாவது விட்டுப் போங்கள், மேலிருந்து பூச்சிகள் மிதந்து வந்து மறுபடி குடியேறிக்கொள்ளும். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அந்த நேரத்தில் காய்ந்திருக்கும். அங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை. ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் எடுத்து, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு "இந்த ஓயா கெட்டுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் தேயிலைக்கு அடிக்கிற மருந்து. ஒருமுறை ஒரு தோட்டத்துக் கானில், அதாவது வாய்க்காலில், மூன்று இடத்தில் எடுத்தும் இரத்தப்புழு நாலைந்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த மலைக்கு மருந்து அடிச்சி நாலு நாளுதான் ஆவுது. அந்தக் கான்ல இப்ப ஒண்ணும் இருக்காது, பீலிக்கு மேல போய்ப் பாருங்க." பீலிக்கு, அதாவது தண்ணீர் பிடிக்கிற குழாய்வாய்க்கு, மேலே காட்டு ஓரத்தில் போட்ட முதல் வலையிலேயே தட்டு நிறைய ஊர்ந்தது. அன்றிலிருந்து வலை போடும் முன் அந்த மலையில் வேலை செய்கிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்காமல் இறங்குவதில்லை: கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள், எப்போது உரம் போட்டார்கள். பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். உங்கள் தரவில் விளக்கமே இல்லாமல் தொங்குகிற ஒரு வெற்றிடத்துக்கு ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரிதான் விளக்கம் சொல்லும்.

ஒன்றுமே வராவிட்டாலும் அது கணக்குதான், ஆனால் எத்தனை நிமிடம் கிண்டினீர்கள், எவ்வளவு இடம் என்று எழுதியிருந்தால் மட்டும். அது இல்லாமல் எழுதிய "இல்லை"யை யாரும் பயன்படுத்த முடியாது. எப்போதும் கீழ்நீரில் தொடங்கி மேலே ஏறுங்கள், மேலே கிண்டினால் கீழே எடுக்க வேண்டியதெல்லாம் கலங்கிப்போகும்.

பூச்சி இருக்கிறது, ஆனால் சேற்றிலிருந்து பிரிக்க முடியவில்லை

வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றுங்கள். கனமான மணல் அடியில் நிற்கும்போதே மேல் தண்ணீரை வலை வழியாக வடித்துவிடுங்கள். நாலைந்து முறை செய்தால் பெரும்பாலானவை வந்துவிடும். மிச்சத்துக்குச் சீனித்தண்ணீர் நல்ல வழி, ஒரு லீற்றருக்கு 300 முதல் 350 கிராம் வரை சீனி கரைத்து ஊற்றினால் பூச்சிகள் மேலே மிதக்கும். கல்லை ஒட்டிக் கூடு கட்டுகிற கேடிஸ் புழுவும் நத்தையும் மிதக்காது, அதனால் அடியில் இருப்பதை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள்.

முடிந்தால் உயிரோடு இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் பிரியுங்கள். தட்டில் ஊற்றிவிட்டு இரண்டு நிமிடம் கையை வைக்காமல் சும்மா பாருங்கள். செத்த இலைத்துண்டு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். அற்ககோலில் போட்டபின் அந்த அசைவு போய்விடும், மூன்று மடங்கு நேரம் எடுக்கும்.

இரண்டு நாளில் போத்தல் நாறுகிறது, கால்கள் கழன்று கிடக்கின்றன

ஊற்றிய அற்ககோல் நீர்த்துப்போயிருக்கிறது. பூச்சியின் உடம்பிலும் சருகிலும் தண்ணீர் இருக்கிறது, அது வெளியே வந்து கலந்துவிடும். போத்தலில் பாதிக்கு மேல் மாதிரியை அடைக்காதீர்கள், 24 மணித்தியாலத்தில் பழையதை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். உருவம் பார்க்க 70 வீதம் போதும். 95 வீதம் கையில் இருந்தால் அதில் 70 மில்லிலீற்றருக்கு 25 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 70 வீதம் வரும். டிஎன்ஏ பார்க்கப்போகிறீர்கள் என்றால் நீர்க்காமல் 95லேயே போட்டுக் குளிரில் வையுங்கள். பாமசியில் கிடைக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் அவசரத்துக்கு உருவம் பார்க்க உதவும், வேறு பொருட்கள் கலந்திருப்பதால் டிஎன்ஏ வேலைக்கு நம்ப வேண்டாம்.

நிறம் போவதைத் தடுக்க முடியாது. பச்சை மஞ்சளாகும், மஞ்சள் வெள்ளையாகும். அதனால் போடும் முன் தட்டில் வைத்து ஒரு படம் எடுங்கள். நண்டையும் தும்பியின் அணங்கையும் மற்றவற்றோடு ஒரே போத்தலில் உயிரோடு கொண்டுவராதீர்கள், வீடு வந்து சேரும்போது அவை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

லேபலில் ஒன்றும் தெரியவில்லை

பேனை மை அற்ககோலில் கரையும். ஜெல் பேனையும் மார்க்கரும் இன்னும் மோசம். தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும், வெளியே ஒட்டினால் மழையில் உரிந்துபோகும். ஒரு முழுப் பருவத்து மாதிரி, பன்னிரண்டு போத்தல், இப்படி என் கையில் வெறும் பூச்சியாகப் போனது. அந்த ஓயாவில் அதற்குப் பிறகு ஒரு சின்ன நீர்மின் வேலைக்காகத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு போத்தலுக்கு இனி மாற்றுக் கிடையாது.

திகதி, ஓயாவின் பெயர், தோட்டமும் டிவிஷனும், ஆள்கூறு, உயரம், எடுத்தவர் பெயர். ஆறு விஷயம், தீப்பெட்டி அளவுக் காகிதத்தில் அடங்கும்.

இது மே ஈயா, கல் ஈயா? வாலை எண்ணியும் முடிவு வரவில்லை

இரண்டும் குஞ்சுப்பருவத்தை ஓயாவில் கழிக்கிற பூச்சிகள். வாலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். "மூன்று வால் என்றால் மே ஈ, இரண்டு வால் என்றால் கல் ஈ" என்று படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். இரண்டே வால் உள்ள மே ஈ அணங்குகளும் இருக்கின்றன, மூன்று வால் உள்ளதற்கும் போத்தலில் குலுங்கி ஒன்று முறிந்துபோகும்.

கைவில்லையை எடுத்துக் காலின் நுனியைப் பாருங்கள். ஒரே நகம் என்றால் மே ஈ. இரண்டு நகம் என்றால் கல் ஈ. பிறகு வயிற்றின் பக்கவாட்டைப் பாருங்கள். மே ஈக்கு வயிற்றின் இருபுறமும் பூக்கள், அதாவது செவுள்கள், வரிசையாக இருக்கும், இலை மாதிரியோ மயிர்க்குஞ்சம் மாதிரியோ. உயிரோடு தட்டில் இருக்கும்போது அந்தச் செவுள்கள் ஒரு அலை போலப் படபடத்துக்கொண்டு போவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கொஞ்சம் தண்ணீரைச் சூடாக விட்டால் வேகம் கூடும், பிராணவாயு குறைகிறதல்லவா. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அடங்கும். கல் ஈக்கு வயிறு வெறுமையாக இருக்கும், செவுள்கள் கால்கள் முளைக்கிற இடத்தில் வெள்ளைப் பஞ்சுத்துணுக்கு போலக் கக்கத்தில் தெரியும். இலங்கையில் கல் ஈ வகைகள் மிகக் குறைவு. அதனால் ஒரே தட்டில் இருபது கல் ஈ என்று எண்ணிவிட்டால் ஒருமுறை நகத்தைத் திரும்பப் பாருங்கள்.

மூன்று வால் உள்ள இன்னொரு ஆள் ஊசித்தும்பியின் அணங்கு. அதன் மூன்றும் வால் இல்லை, இலை போல அகன்ற செவுள்கள். தலையைக் கவிழ்த்துப் பார்த்தால் கீழுதடு மடித்த கை மாதிரி முகத்துக்கு அடியில் கிடக்கும். அது இருந்தால் தும்பிக் கூட்டம், விவாதமே வேண்டாம்.

நண்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது

ஆம், மேலே பார்த்தால் ஒரே மாதிரிதான். இந்தத் தீவில் ஏறக்குறைய ஐம்பது நன்னீர் நண்டினங்கள் இருக்கின்றன, ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே இங்கே மட்டும் உள்ளவை. ஓட்டின் நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஆண் நண்டின் வயிற்று மடிப்பைத் திறந்தால் உள்ளே இருக்கிற முதல் சோடி இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். இவற்றில் பல மிக ஆபத்தான நிலையில் உள்ளவை என்பதால் கவிழ்த்துப் பிடித்து மூன்று படம் எடுத்துவிட்டு அதே கல்லின் கீழ் விட்டுவிடுங்கள். பெண் என்றால், அதுவும் மடிப்புக்குள் குஞ்சு வைத்திருந்தால், உடனே விடுங்கள்.

தவளைச் சத்தம் காதுக்குப் பக்கத்தில், ஆனால் தவளை இல்லை

இது மலைநாட்டில் எல்லாருக்கும் வருகிற சிக்கல். "டிக், டிக்" என்று கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரிக் கேட்கும், தண்ணீர்ப் பக்கம் தேடிக்கொண்டே இருப்பீர்கள். தேடுகிற இடமே பிழை. நம் காடுகளில் மிகுதியாக இருக்கிற சூடோபிலாட்டஸ் சாதித் (பேரினத்) தவளைகளுக்கு வாற்பேய், அதாவது தலைப்பிரட்டை, என்கிற பருவமே கிடையாது. ஈரமண்ணில் முட்டையிடும், முட்டைக்குள்ளேயே வளர்ந்து சின்னத் தவளையாகவே வெளியே வரும். சில, இலையின் அடிப்பக்கத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். அவற்றுக்கு ஓயா தேவையில்லை, ஈரமான காட்டு ஓரமும் புதரும் போதும். ஏலக்காய்ச் செடி, தேயிலை மலைக்கு மேல் இருக்கிற காட்டுத்துண்டு, சில நேரம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற வேலிச் செடி கூட. இடுப்பு உயரத்துக்குக் கீழே இலை மேல் பாருங்கள்.

வாற்பேய் இல்லாத இடத்தில் தவளை இல்லை என்று எழுதினால் அந்தக் காட்டின் பாதித் தவளையை விட்டுவிட்டீர்கள். நுரைக்கூடு தண்ணீருக்கு மேல் கிளையில் தொங்கினால் அது வேறு கூட்டம், டாருகா போன்ற சாதிகள், அவற்றுக்கு வாற்பேய் உண்டு, கூட்டிலிருந்து நேரே தண்ணீரில் விழும்.

சத்தத்தின் இடத்தைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். ஐந்தாறு மீற்றர் இடைவெளியில் நின்று, டோர்ச்சை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். நீங்கள் நடந்து வந்த அதிர்வுக்கே அவை நின்றிருக்கும், அமைதியானால் ஒன்று தொடங்கும், பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும். ஒவ்வொருவரும் தனக்குச் சத்தம் வருகிற திசையைக் கையால் காட்டி, ஒரே நேரத்தில் டோர்ச் அடியுங்கள். மூன்று வெளிச்சமும் சந்திக்கிற இடத்தில் பெருவிரல் நகம் அளவில் ஒன்று இருக்கும். கண்டுபிடித்தபின் வெளிச்சத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள், முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டே இருந்தால் பாட்டை நிறுத்திவிடும்.

கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் சத்தத்தைப் பதியுங்கள். ஒரு நிமிடமாவது, நடுவில் பேசாமல். முடிவில் திகதி, நேரம், இடம், காற்றின் வெப்பநிலை நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள். குளிர்ந்தால் தவளை மெதுவாகக் கத்தும், அதனால் வெப்பநிலை இல்லாத பதிவை இன்னொரு பதிவோடு ஒப்பிடுவது கடினம். போனில் பதிவுத் தரத்தை வேவ் கோப்பாக மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். குரல்செய்தியாக அனுப்பினால் சுருங்கி நுணுக்கம் போய்விடும், கோப்பாக அனுப்புங்கள்.

கை விஷயம் முக்கியம். அட்டைக்கு என்று கால் முழுக்கச் சவர்க்காரமும் தைலமும் பூசிக்கொண்டு, அதே கையால் தவளையைத் தூக்கக் கூடாது. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, கையில் இருப்பது நேரே உள்ளே போகும். தொடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி, தொட வேண்டிய தேவை இருந்தால் ஓடைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி ஈரக்கையால். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் முன் சப்பாத்துச் சேற்றைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை ஈரச்சேற்றில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடியது.

படத்தைப் போட்டால் ஆப் இந்தியத் தவளையின் பெயரைச் சொல்கிறது

ராஒர்கெஸ்டிஸ் என்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள், அந்தச் சாதி இலங்கையில் இல்லை. பார்க்க சூடோபிலாட்டஸ் போலவே இருக்கும், ஆப்புக்கு மேற்குத்தொடர்ச்சி மலைப் படங்கள் அதிகம் தெரியும், அவ்வளவுதான் காரணம்.

பெரிய காரணம் படம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தால் இவற்றைப் பிரிக்க முடியாது, ஒரே இனத்தில் கபிலம், சாம்பல், நடுமுதுகில் வெள்ளைக்கோடு என்று நாலு சட்டை இருக்கும். பக்கவாட்டில் முகம், செவிப்பறை தெளிவாகத் தெரிகிற மாதிரி. தொடையின் பின்புறமும் இடுப்புமடிப்பும், அங்கேதான் நிறமும் புள்ளியும் இனத்துக்கு இனம் மாறும். பின்கால் விரல்களுக்கிடையே சவ்வு எதுவரை வருகிறது என்று ஒன்று. கண்ணாடிப் போத்தலின் ஊடாக வயிறு. பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று. இந்த ஐந்தும் இருந்தால் தெரிந்தவர்கள் உதவ முடியும்.

"அழிந்துபோன இனம்" என்று பட்டியலில் இருப்பதாலேயே உங்கள் தவளையின் பெயரை அடித்துவிடவும் வேண்டாம். சூடோபிலாட்டஸ் ஸ்டெலாட்டஸ் என்று 1853இல் கெலார்ட் பெயரிட்ட தவளை ஒன்றரை நூற்றாண்டாக யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டில் அது திரும்பக் கிடைத்து, 2013இல் முறையாக அறிவித்தார்கள்.

வெள்ளைச்சீலை கட்டி விளக்கு வைத்தும் அந்துப்பூச்சி வரவில்லை

நிலா எப்படி? பூரணைக்கு இரண்டு நாள் முன்பின் என்றால் வீட்டிலேயே இருங்கள். காற்று அடிக்கிறதா? சீலை படபடத்தால் ஒன்றும் உட்காராது. தை, மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற இரவுகளில் பூச்சிக்குப் பறக்கத் தெம்பு இருக்காது. மேகம் மூடி, புழுக்கமாக, மழை வரப்போகிற மாதிரி இருக்கிற அமாவாசை இரவுதான் இதற்கு நல்லது.

இதெல்லாம் சரி என்றால் சுற்றிப் பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, இரவு வேலையில் இருக்கும். அத்தனை மாடிக்கும் விளக்கு எரிகிறபோது உங்கள் ஒரு குமிழுக்கு யார் வருவார்கள்? அப்படியான இடத்தில் சீலையைச் சுருட்டிவிட்டு, அனுமதி கேட்டு, விடியற்காலையில் ஸ்டோர்ச் சுவரையே பாருங்கள். குருவிகள் எழும்பும் முன் போக வேண்டும், அவையும் அதே சுவருக்குத்தான் வரும்.

மண்ணில் புதைத்த டின்னில் மழைத்தண்ணீர்

தரையில் ஊர்கிற பூச்சி விழட்டும் என்று புதைக்கிற டின் இது. மேலே நாலு கல் வைத்து ஒரு தகட்டுத்துண்டைக் கூரையாக்குங்கள், டின்னின் மேல்பகுதியில் வலைத்துணி ஒட்டிய சின்ன ஓட்டை போடுங்கள், தண்ணீர் வழியும் பூச்சி வழியாது. தினமும் போய்ப் பார்க்க முடியாவிட்டால் வைக்கவே வேண்டாம், சின்னத் தவளையும் அரணையும் விழுந்து வீணாகச் சாகும்.

போன் காட்டுகிற உயரம் நூறு மீற்றர் குறைகிறது

போன் பழுதாகவில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியை ஒரு சீரான முட்டைவடிவமாக வைத்துக் கணித்த மேற்பரப்பிலிருந்து. இலங்கையைச் சுற்றிப் புவியீர்ப்பு குறைவு, இங்கே உண்மையான கடல்மட்டம் அந்தக் கணித மேற்பரப்புக்கு ஏறக்குறைய நூறு மீற்றர் கீழே கிடக்கிறது. சில ஆப்கள் அதைத் திருத்திக் காட்டும், சில அப்படியே காட்டும். 1,868 மீற்றர் என்று எல்லாரும் சொல்கிற நுவரெலியாவில் நின்று பார்த்தால் 1,770 சொச்சம் வரும்.

எந்த ஆப் எப்படி என்று அறிய ரயில்வே ஸ்டேஷன் போதும். மலைநாட்டு ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளில் உயரம் எழுதியிருக்கும், பட்டிப்பொலவில் 1,891 மீற்றர். அங்கே நின்று போனைப் பார்த்து வித்தியாசத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் நூறு மீற்றர் சின்ன விஷயம் இல்லை, பல தவளைக்கும் ஓணானுக்கும் வாழ்கிற உயர எல்லையே அவ்வளவு ஒடுக்கமானது. ஆள்கூறும் அப்படித்தான், காட்டுக்குள் துல்லியம் பத்து மீற்றருக்குள் வரும்வரை போனைத் திறந்த வானத்தின் கீழ் பிடித்துக் காத்திருங்கள்.

கிடைத்த இடத்தை எல்லாருக்கும் காட்டவும் வேண்டாம். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் கொம்பு ஓணானையும் குட்டை ஓணானையும் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்குக் கடத்துகிறார்கள், அதனால்தான் 2019இல் அவை சைட்டிஸ் என்கிற, வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கொப்பியில் சரியாக எழுதுங்கள், வெளியே போடும்போது மறைத்துப் போடுங்கள்.

இணைக்கவர்ச்சுட்டியில் பாதியில் நிற்கிறேன், இரண்டு வழியும் பொருந்தவில்லை

ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசியில் பெயருக்குப் போகிற அட்டவணைதான் இணைக்கவர்ச்சுட்டி. நின்றுவிட்டால் மூன்று படி பின்னால் போங்கள். நிற்கிற இடத்தில் பிழை இருப்பது அபூர்வம், அதற்கு முன்னால் "சரியாகத்தான் இருக்கும்" என்று அவசரமாகத் தாண்டிய ஒரு படியில்தான் இருக்கும். ஒவ்வொரு படியிலும் தேர்ந்த எண்ணை ஓரத்தில் எழுதிக்கொண்டு போனால் திரும்பி வருவது இலகு. சுட்டி எந்த நாட்டுக்கு எழுதியது என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பியச் சுட்டியில் இங்கே இருக்கிற குடும்பங்கள் பல இருக்கவே இருக்காது, ஆனால் சுட்டி ஏதாவது ஒரு பெயரில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும்.

அப்படியும் போகவில்லை என்றால் குடும்பத்தோடு நில்லுங்கள், குடும்பம் வரை மட்டும் எழுதுங்கள். குஞ்சுப்பருவ அணங்கை வைத்து இனம் சொல்வது நிபுணர்களுக்கே பல நேரம் முடியாது, மே ஈக்களில் இனப்பெயர் பெரும்பாலும் வளர்ந்த ஆணை வைத்துத்தான். அதற்கும் வழி இருக்கிறது. முதுகில் சிறகுப்பைகள் கறுத்துப்போன அணங்கு கிடைத்தால் அது ஓரிரு நாளில் பறக்கப்போகிறது. ஒரு பிளாஸ்திக் டப்பாவின் பக்கங்களை வெட்டி வலைத்துணி ஒட்டி, பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்கிற மாதிரி, ஏறி நிற்க ஒரு குச்சியும் வைத்து, அதே ஓயாவில் நிழலான ஓட்டத்தில் கல்லோடு கட்டிவிடுங்கள். காலையில் போய்ப் பார்க்கும்போது சிறகு மங்கலாக, பால் கலந்த கண்ணாடி போல இருந்தால் இன்னும் எடுக்காதீர்கள். மே ஈ சிறகு வந்தபின்னும் இன்னொரு முறை சட்டை கழற்றும். சிறகு தெளிந்து கண்ணாடியாகும்வரை விட்டு, அப்புறம் எடுத்து, டப்பாவில் கிடக்கிற அணங்கின் காலிச்சட்டையையும் அதே போத்தலில், அதே லேபலோடு போடுங்கள்.